அம்மாவிடம் இருக்கும் இன்னொன்று

அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தது அம்மாதான். ஆள் சின்னது, பேச்சு காரம். வயது பத்து. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். சோப்பு உறை, கடைப் பலகை, அடுத்தவர் கையிலிருக்கும் செய்தித்தாள், எதையும் விடமாட்டாள்.

அன்று பள்ளி விட்டதும் மாமாவின் சைக்கிள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அம்மா பேருந்து ஓட்டுநர். அந்த வாரம் மாலை ஆறு மணி வரை வேலை. அதுவரை மிளகுக்கு இந்தக் கடைதான் வீடு.

மாமா அம்மாவின் தம்பி. ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யாமல் போயின. அம்மா தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அது மாமாவின் வயிற்றில் இன்றுவரை சமர்த்தாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

கடைச் சுவரில் மருத்துவமனையில் கொடுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மிளகு படித்தாள்.

"தண்ணீர் நன்றாகக் குடிக்கவும். உப்பைக் குறைக்கவும். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது." நிறுத்தினாள். "ஏன் மாமா கூடாது?"

"அது கிட்னிக்கு ஆகாதும்மா," என்றார் மாமா, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் கோணலைப் பார்த்துக்கொண்டே.

"அம்மா மட்டும் போடுறாங்களே. முதுகு வலிக்குதுன்னு தினமும் ஒண்ணு. சில நாள் ரெண்டு."

மாமா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "தினமுமா?"

"உங்ககிட்ட இருக்கிறதும் அம்மாகிட்ட இருக்கிறதும் ரெட்டைப் பிள்ளைங்கதானே? ஒண்ணுக்கு ஆகாதது இன்னொண்ணுக்கு எப்படி ஆகும்?"

மாமா கையிலிருந்த மசகைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"நீங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட போறீங்க. அம்மா எப்போ போனாங்க?"

"முதல் ரெண்டு வருஷம் அக்கா வந்துச்சு. வருஷா வருஷம் வரணும்னு அக்காவுக்கும் சொல்லித்தான் அனுப்பினாங்க." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் என்னையே கவனிச்சாங்க. நானும் என்னையே கவனிச்சுக்கிட்டு இருந்துட்டேன். இரு, இன்னிக்கு வரட்டும், ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்."

"கேட்காதீங்க மாமா. நீங்க கத்தினா அம்மா அதுக்கு மேல கத்துவாங்க. பேச்சு அங்கேயே முடிஞ்சுடும்."

"அப்போ என்ன பண்றது?"

"உங்களுக்கு அடுத்து எப்போ டாக்டர்?"

"சனிக்கிழமை காலையில."

"அன்னிக்கு அம்மாவுக்கு லீவு. போன் போட்டு அம்மா பேருக்கும் ஒரு டோக்கன் சொல்லிடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்தாள். கை தானாகப் பைக்குள் போய் மாத்திரை அட்டையை எடுத்தது. மிளகு அதைப் பிடுங்கவில்லை. வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

"என்னடி, திடீர்னு உபசாரம்?"

"சனிக்கிழமை மாமாகூட நீயும் டாக்டர்கிட்ட வர்றியாம்மா? உன் கிட்னியையும் பார்க்கணும்."

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

மிளகு நழுவிய வெந்நீர்ப் பையை மறுபடியும் சரியாக வைத்தாள். அம்மா அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பயமா இருக்கு மிளகு. போய்ப் பார்த்து ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா, என்னாலதான் அக்காவுக்கு இப்படின்னு உன் மாமா உடைஞ்சு போயிடுவான்."

"நீ போய்ப் பார்க்காம இருந்து, அதனால ஏதாவது வந்தா? அப்போ மாமா உடைய மாட்டாரா? நான்?"

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

சனிக்கிழமை மருத்துவமனையில் நர்ஸ் அம்மாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். "நாலு வருஷமாச்சு அக்கா. உங்க பழைய நம்பருக்குப் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சுபோச்சு."

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். முடிவுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது அம்மா அமைதியாகத்தான் இருந்தாள். மாமாவின் கால்தான் ஆடிக்கொண்டே இருந்தது.

டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"கிட்னி நல்லா இருக்கு. இன்னொண்ணு செஞ்ச வேலையையும் சேர்த்து இதுவே செய்யுது. ஆனா பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. வலி மாத்திரையை இன்னியோட விட்டுடுங்க. முதுகுக்குப் பயிற்சி சொல்லித் தர்றோம். மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்புறம் வருஷா வருஷம். சரி, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வண்டி ஓட்டும்போது எங்க டாக்டர்? நடுவுல பாத்ரூமுக்கு எங்கேயும் இறங்க முடியாது."

"ரூட்டுக்கு ரெண்டு முனையிலயும் டிப்போ இருக்கு டாக்டர்," என்றாள் மிளகு. "ரெண்டுலயும் பாத்ரூம் இருக்கு. அம்மா அங்க இறங்கி அரட்டைதான் அடிப்பாங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். மிளகு உடனே அதைப் படித்தாள். "டிப்போவில் முதலில் தண்ணீர், பிறகு அரட்டை."

வெளியே வந்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான் அக்கா. நீ வராம நான் வரமாட்டேன்."

"வர்றேன்டா. பரீட்சையில நானே பாஸ் ஆயிட்டேன், நீ எதுக்கு ஃபெயில் ஆன மாதிரி மூஞ்சியை வச்சுக்கறே?"

மூவரும் பேருந்தில் ஏறினார்கள். ஓட்டுநர் அம்மாவுடன் வேலை பார்ப்பவர். கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். முதல் இரண்டு நிறுத்தங்கள் வரை அம்மாவின் கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் அது ஓய்ந்தது. தலை மெல்லச் சாய்ந்தது. அம்மா தூங்கிவிட்டாள்.

மிளகுக்குத் தோள் மரத்துப்போனது. இறங்கும் இடம் வரும்வரை அவள் அசையவே இல்லை.