ஒரு மாத்திரைக்குள் இரண்டு பேர்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. அன்றைய குறை இது: மாத்திரை அட்டையில், விற்பவர் சூட்டிய பெயர் கொட்டை எழுத்தில் பளபளக்கிறது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோ, எறும்பே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. இது முறையன்று. இந்த முறைகேட்டினால் பட்டாணியின் அம்மா அன்று ஏணியின் உச்சியிலிருந்து விழ இருந்தார்.

பட்டாணி என்பது பள்ளியில் கொடுத்த பெயர் அன்று. பிறந்தபோது அவள் உருண்டையாக இருந்தாளாம். அப்பா அப்படிக் கூப்பிட்டார். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது. உருண்டை போய்விட்டது, பெயர் போகவில்லை.

அம்மா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அவர் எழுதிய எழுத்துகள், தெருமுனையில் வரும்போதே நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறையில் அவருடைய தையல் இயந்திரம் நாள் முழுவதும் கடகடக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாதபோதெல்லாம், "பட்டாணி, உன் கண்ணைக் கொஞ்சம் கடன் குடு" என்பார். அவளும் ஒரே முயற்சியில் கோத்துக் கொடுப்பாள்.

அப்பாவுக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. துண்டுத் துணியெல்லாம் தலையணை உறையாகிவிடும். குளியலறையில் சோப்பு தேய்ந்து இலை போல் ஆனதும், அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரம் தொட்டு ஒட்டிவிடுவார். பச்சையின்மேல் சிவப்பு, சிவப்பின்மேல் வெள்ளை.

"நம்ம வீட்டுல சோப்பு தீர்ந்ததா சரித்திரமே இல்ல" என்று அம்மா கேலி செய்வார்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் அதிகம். அதற்காகக் காலையில் மாத்திரை சாப்பிடுவார். ஆனால் அவருடைய விரல்களில் எப்போதும் வண்ணம் அப்பியிருக்கும். ஆகையால் மாத்திரையைப் பிரிப்பவர் அப்பாதான். அம்மா குருவிக்குஞ்சு போல வாயைத் திறப்பார். அப்பா மாத்திரையை உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அம்மாவின் கண்களோ அன்றைக்கு எழுத வேண்டிய எழுத்தின் வளைவிலேயே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் நடந்தது. பிறகு, தரையில் உட்கார்ந்து வண்ணம் கலக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்தார். எழுந்தவர் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று பட்டாணி கேட்டாள்.

"கதவு விழுந்துடுமோன்னு பிடிச்சேன்."

"நேத்தும் பிடிச்சியே."

"நேத்தும் அது விழப் பார்த்துச்சு. ஏணியைத் தூக்கு, நேரமாச்சு."

பட்டாணி சிரித்தாள். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அம்மா அன்று பலகை எழுதவேண்டிய குடைக்கடை அதே தெருவில்தான் இருந்தது. மறுநாள் கடை திறப்பு. குடைக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு, பலகையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏணியின் உச்சிக்கு ஏறினார். பட்டாணி கீழே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி எழுத்து. அம்மா குனிந்து, ஏணியில் தொங்கிய டப்பாவில் தூரிகையைத் தோய்த்தார். நிமிர்ந்தார்.

அடுத்த நொடி, தூரிகை பலகையின்மேல் நேராகக் கீழே இறங்கியது. நீல வண்ணத்தில் நெடுங்கோடு ஒன்று விழுந்தது. ஏணி ஆடியது. அம்மாவின் ஒரு கால் படியை விட்டு நழுவி, காற்றில் எதையோ தேடியது.

பட்டாணி தன் உடம்பு முழுவதையும் ஏணியின்மேல் சாய்த்துக்கொண்டாள். குடைக்கடைக்காரர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். அம்மா கண்களை மூடிக்கொண்டு, ஏணியைக் கட்டிப் பிடித்தபடியே நின்றார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைப்படியில் உட்கார்ந்தார். அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் இருந்தது.

"காலையில சாப்பிடாம வந்துட்டீங்களா?" என்றார் குடைக்கடைக்காரர்.

"சாப்பிட்டேங்க. ஒண்ணுமில்ல, கண்ணு கொஞ்சம் இருட்டிடுச்சு. ஒரு எழுத்துதானே பாக்கி. முடிச்சுடறேன்."

அம்மா மெல்ல எழுந்து ஏணியை நோக்கி நடந்தார். பட்டாணி முந்திக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"பட்டாணி, விளையாடாதே. அவருக்கு நாளைக்குக் கடை திறக்கணும்."

"எனக்கு நாளைக்கும் அம்மா வேணும்."

அம்மா மறுபடியும் கடைப்படியில் உட்கார்ந்தார். குடைக்கடைக்காரரும் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

"போன வாரம் இப்படி வரலியே. இந்த வாரம் புதுசா என்னம்மா பண்ணின?" என்று பட்டாணி கேட்டாள்.

"புதுசா என்ன? அதே வேலை, அதே ஏணி." அம்மா யோசித்தார். "டாக்டர் புது மாத்திரை ஒண்ணு குடுத்தாரு. அதுவும் இதே அழுத்தத்துக்குத்தான்."

பட்டாணி குடைக்கடைக்காரரைப் பார்த்தாள். "மாமா, நான் வர்ற வரைக்கும் அம்மாவை ஏற விடாதீங்க."

"ஏணியையே உள்ள வெச்சுப் பூட்டிடறேன், போ" என்றார் அவர்.

வீட்டில் அப்பா ஒரு சட்டையின் கையை அதன் உடற்பகுதியோடு இணைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டாணி மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னாள். இயந்திரம் நின்றது.

"அம்மாவோட மாத்திரையெல்லாம் எங்கப்பா?"

அப்பா அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஓர் அட்டையன்று, மூன்று அட்டைகள்.

"எதைப்பா குடுக்கறீங்க?"

"மூணையும்தான். இது ரெண்டும் பழசு, பாதிப் பாதி மிச்சம் இருக்கு. இது புதுசு. பழசு தீர்ற வரைக்கும் சேர்த்தே குடுத்துடலாம்னு..." அவர் குரல் தயங்கியது. "வீணாப் போயிடுமேன்னு பார்த்தேன்."

பட்டாணிக்குக் குளியலறைச் சோப்பு நினைவுக்கு வந்தது.

அவள் புதிய அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கொட்டை எழுத்தில் ஒரு பெயர். அதன் அடியில், வெள்ளித் தாளின் பளபளப்பில் ஒளிந்துகொண்டு, பொடி எழுத்தில் வேறு இரண்டு பெயர்கள். இரண்டும் வாயில் நுழையாத நீளம். நடுவில் ஒரு கூட்டல் குறி.

பழைய அட்டைகளில் ஒன்றை அதனருகில் வைத்தாள். அதன் கொட்டை எழுத்து வேறாகத்தான் இருந்தது. ஆனால் பொடி எழுத்து? நூல் கோக்கும்போது செய்வது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள். முதல் பெயரேதான். இன்னொரு பழைய அட்டையை எடுத்தாள். அதில் இருந்தது இரண்டாம் பெயர்.

"அப்பா." அவள் மூன்று அட்டைகளையும் அவர் பக்கம் தள்ளினாள். "இந்தப் புது மாத்திரைக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்கப்பா. இந்தப் பழைய ரெண்டும் அவங்களேதான்."

அப்பா அட்டையைக் கண்ணருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் மகள் சொன்னது விளங்கிவிட்டது.

"அப்போ... நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை குடுத்திருக்கேனா?"

பட்டாணி மெல்லத் தலையசைத்தாள்.

"என் கையாலேயே குடுத்திருக்கேன்" என்றார் அப்பா. தம் கையை, அது வேறு யாருடையதோ என்பது போல, அவர் பார்த்தார். அடுத்த கணம் மூன்று அட்டைகளையும் பொறுக்கிக்கொண்டு, குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினார். "தூக்கிப் போடறேன். இனிமே இந்த வீட்டுல மாத்திரையே கிடையாது."

பட்டாணி அவருடைய சட்டையைப் பிடித்தாள். "போட வேணாம்பா. அதைக் காட்டித்தானே கேக்க முடியும்? வாங்க, மருந்துக்கடை அக்காகிட்டப் போகலாம்."

அப்பா கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு தெருவில் ஓடினார். நாடாவின் ஒரு முனை தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது.

மருந்துக்கடை அக்கா மூன்று அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது.

"மூணையுமா அண்ணே?"

"மூணையும்தாம்மா."

"இன்னிக்கும் குடுத்துட்டீங்களா?"

அப்பா தலையை அசைத்தார். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். பேசி முடித்துத் திரும்பினார்.

"அவங்களை நடக்க விடாம, உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. அழுத்தம் ரொம்ப இறங்கியிருக்கலாம். அட்டைங்க மூணும் கையில இருக்கட்டும்."

"இனிமே எதையும் குடுக்கவே மாட்டேம்மா."

"அப்படி நாமளா நிறுத்தினா மறுபடியும் சடார்னு ஏறிடும் அண்ணே. அது இதைவிட மோசம். எதை நிறுத்தணும், எதைக் குடுக்கணும்னு அவர் பார்த்துட்டுச் சொல்வாரு."

இருவரும் குடைக்கடைக்குத் திரும்பி ஓடிவந்ததும், கடைக்காரர் தம் சிறு வண்டியின் கதவைத் திறந்தார். அது முழுக்கக் குடைகள். அவற்றை ஒதுக்கி அம்மாவைப் படுக்க வைத்தார்கள். பட்டாணி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழிநெடுக ஒரு குடைக்கம்பி அப்பாவின் விலாவைக் குத்தியது. அவருக்கு அது தெரியவே இல்லை.

மருத்துவர் அம்மாவைப் படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்க வைத்து ஒருமுறை பார்த்தார். உடனே மறுபடியும் படுக்கச் சொன்னார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதன்பிறகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் உங்ககிட்டச் சொன்னேனே. பழைய ரெண்டு மருந்தையும் சேர்த்துத்தான் இந்த ஒரே மாத்திரை, இனிமே பழசு வேண்டாம்னு."

அம்மா படுத்தபடியே கூச்சத்துடன் சொன்னார்: "சொல்லியிருப்பீங்க டாக்டர். அப்போ நான் உங்க பின்னால மாட்டியிருக்கற பலகையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதுல மூணாவது எழுத்து கோணல்."

மருத்துவர் திரும்பித் தம் பலகையைப் பார்த்தார். கோணல்தான்.

"சொன்னதோட நான் விட்டிருக்கக் கூடாது. உங்களைத் திருப்பிச் சொல்ல வெச்சிருக்கணும்" என்றார் அவர். பிறகு அப்பாவைப் பார்த்தார். "இன்னிக்கு இனிமே எதுவும் வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நான் மறுபடியும் அழுத்தம் பார்த்த பிறகுதான் புதுசு, அதுவும் அது ஒண்ணு மட்டும். படுத்து எழுந்தா கொஞ்ச நேரம் உட்காரணும். அப்புறம்தான் மெதுவா நிக்கணும். நான் சொல்ற வரைக்கும் ஏணி கூடாது."

"பழைய அட்டையில பாதி இருக்கே டாக்டர்?" என்று கேட்டுவிட்டு அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மருந்துக்கடையில குடுத்துடுங்க, அவங்க முறைப்படி அழிச்சுடுவாங்க. இதுல மட்டும் ஒட்டுப் போடாதீங்க." மருத்துவர் பட்டாணியைப் பார்த்தார். "இதை யாரு கண்டுபிடிச்சது?"

"அவதான்" என்றார் அப்பா. மகளின் தலையில் கையை வைத்தார்.

அம்மா கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "நீங்க குடுத்தீங்க, நான் பார்க்காம முழுங்கினேன். பாதித் தப்பு என்னோடது. அதையும் நீங்களே வெச்சுக்காதீங்க."

குடைக்கடை மறுநாள் கடைசி எழுத்து இல்லாமலே திறந்தது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே அம்மா ஏணி ஏறினார். விடுபட்ட எழுத்தை எழுதி முடித்தார். நீல நெடுங்கோட்டை அவர் அழிக்கவில்லை. அதன் அடியில் ஒரு வளைவு, மேலே விரிந்த குடைத்துணி. கோடு குடையின் காம்பாகிவிட்டது.

"இது முன்னாடியே போட்ட திட்டமா?" என்றார் குடைக்கடைக்காரர்.

"விழப் பார்த்தப்போ போட்ட திட்டம்" என்றார் அம்மா.

இப்போதும் அம்மாவின் விரல்களில் வண்ணம்தான். அப்பாதான் மாத்திரை கொடுக்கிறார். ஆனால் வாயில் போடுமுன் அம்மா கண்ணெதிரே அட்டையைக் காட்டுகிறார். பட்டாணி அந்த இரண்டு நீளப் பெயர்களையும் உரக்கப் படிக்கிறாள். அம்மா, "ஒண்ணே ஒண்ணு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். குளியலறையில் மட்டும் இன்றும் பச்சையின்மேல் சிவப்பு, சிவப்பின்மேல் வெள்ளை.

படித்து முடித்த நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறாரா? பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பெரியவர்களையே எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்கள் தொட வேண்டா. பொடி எழுத்தைப் படித்தால் போதும். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால், மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்கும்வரை அவர்களை விடாதீர்கள். இப்போதே எழுந்திருங்கள். உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் எழுப்புங்கள். அவரை மட்டும், மெதுவாக.