என்ன வேணும் அத்தை?

மத்தியானம் சாய்வதற்குள் தொராஜா மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. லுதியா மாமியார் வீட்டு மரப்படியில் ஏறி வந்தபோது கீழே மூங்கில் தோப்புகூடத் தெரியவில்லை. வயிற்றில் ஏழு மாதம். இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் உதடு அசையும், அவ்வளவுதான்.

தெற்கு அறையில் மாமியார் படுத்திருந்தாள். போன அறுவடையிலேயே மூச்சு நின்றவள். ஆனால் எருமை வெட்டி, சபையார் பாடி, பாறைக் குகையில் கொண்டு வைக்கும்வரை அந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்பார்கள். வேளைக்கு வேளை சோறும் காப்பியும் போகும்.

ஆண்கள் எருமை பார்க்கப் போயிருந்தார்கள். நாத்தனார் யொஹானா பன்றிக்குக் கொடி அறுக்கக் கிளம்பினாள்.

"காப்பிய இடப்பக்கம் வையி, இடக்கைக்காரிக்கு அப்பத்தான் எட்டும். நல்லா இருந்தப்பவே உன் காப்பி அம்மாவுக்குப் புடிக்காது, சக்கரையாவது கூடப் போடு" என்று சிரித்தவள், படியில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "வச்சிருக்கேன், குடிங்கன்னு மட்டும் சொல்லு. என்ன வேணும்னு கேட்டுறாத."

அறைக்குள், உடம்பு கெடாமலிருக்க ஏற்றிய மருந்தின் நெடி. மாமியாரின் கால்மேல் அவளுடைய சிவப்புச் சேலைத்துணி நீளமாக விரித்திருந்தது. லுதியா கோப்பையை இடப்பக்கம் வைத்தாள். எத்தனையோ வருஷம் இதே பாயருகே பரிமாறிப் பழகிய நாக்கு. தன்னால் வந்துவிட்டது.

"வேற என்ன வேணும் அத்தை?"

சொன்ன பிறகுதான் உறைத்தது.

வெளியே கோழிகளின் சத்தம் நின்றது.

வயிற்றுக்குள் அசைவும் நின்றது.

பல்லிடுக்கில் காற்று நுழைவது போல ஒரு குரல்.

"பேரன்."

திரும்பினாள். வாசலைக் காணோம். பனி உள்ளே வந்து நின்றது. வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"கொஞ்ச நேரம் குடு, வச்சுக்கிறேன். முன்ன ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. அழுவாமத் தூங்குதுங்க."

அந்த வார்த்தைக்கு எந்தத் தாய்க்குத்தான் கால் நிற்கும்? லுதியா ஓரடி முன்னால் வைத்துவிட்டாள். இன்னும் ஓரடி வைத்தால் பாய்.

அப்போது இரண்டாவதின் சின்னக் குழியருகே போதகர் சொல்லச்சொல்ல, வெறுப்போடு தான் திருப்பிச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆண்டவரே, இரண்டும் உம்முடையவை. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனாலும் சொன்னாள். அந்த ஊரில் பேர் சொல்லி ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் கேட்க முடியாது.



"இல்ல அத்தை. அதுங்க ரெண்டும் இயேசுகிட்ட இருக்கு. நாந்தான் குடுத்தேன்."

பாயில் ஏதோ நெளிந்தது.

"இதையும் அவர் கையிலதான் வச்சிருக்கேன். உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. காப்பி வச்சிருக்கேன். குடிங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, இயேசுவே இயேசுவே என்று அந்த ஒரு பேரையே சொன்னாள். நம்பிக்கை வந்து சொன்னாளா, பயத்தில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

வயிற்றில் ஓர் உதை.

கண்ணைத் திறந்தாள். வாசல் தெரிந்தது. படியில் யொஹானாவின் காலடி கேட்டது. லுதியா வெளியே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் கோப்பையை எடுக்க உள்ளே போனாள்.

வரும்போது கோப்பை கையில் இல்லை. சிவப்புத் துணி இருந்தது.

"இதை நீயா முடிஞ்ச?"

பிள்ளையைத் தோளில் தொங்கவிடும் தூளியாக அது முடியப்பட்டிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு குழிவு. லுதியா தொட்டாள். இளஞ்சூடு.

முடிச்சை யொஹானா விரலால் தடவிப் பார்த்தாள். அது இடக்கை முடிச்சு.