கழுவாத கதவு

காலையில் எழுந்து பல் தேய்த்தான். பால் வாங்கிக் காய்ச்சினான். ஒரு தம்ளர் காப்பி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு கிணற்றில் தண்ணீர் இறைத்து வந்து, வாசல் தகரக் கொட்டகையில் நின்ற கரும்பச்சை அம்பாசடரைக் கழுவத் தொடங்கினான்.

முதலில் கூரை. பிறகு பானெட். துணி சோப்பில் ஒரு துண்டு வெட்டி வாளியில் கரைத்திருந்தான். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தான். முன்கதவுகள். பின்னால் வலப்பக்கக் கதவு. நாரை உதறினான். முடிந்தது.

சங்கரபாண்டியன் பி.காம். படித்தவன். ராஜபாளையம் சாலையில் உரக்கடை வைத்திருந்தான். மனைவி முத்துத்தாய் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக எல்லாக் காலையும் இப்படித்தான்.

அன்று மட்டும் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“அண்ணாச்சி... அது காரா, கரிச்சட்டியா?”

திரும்பினான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். இடுப்பில் காலிக் குடம். அவளுடைய கண்கள்தான் முதலில் தெரிந்தன. பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைப் பார்த்தால், பார்த்து முடிக்காமல் நகராத கண்கள்...

“ஏன் கேக்குதிய?”

“அடிப்பிடிச்ச சட்டியத்தான் எங்கம்மா இப்பிடித் தேய்ப்பா. அதான் கேட்டேன்.”

“அழுக்குப் போவணும்லா.”

“அழுக்கோட பெயிண்டும்லா போவுது! துணி சோப்பு, நாரு, போதாக்குறைக்கு உப்புத் தண்ணி. பாவம், வாயில்லாச் சீவன்.”

அவனுக்குச் சுருக்கென்றது. “ஊர்ல குடிக்கவே நல்ல தண்ணி இல்ல. காருக்கு எங்க போவேன்?”

அது உண்மைதான். அந்த வருடம் மழை இல்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நல்ல தண்ணீர் வந்தது. அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். குரல் இறங்கியது.

“உப்புத் தண்ணின்னா, கழுவுன கையோட பழைய வேட்டித் துணியால ஒத்தி எடுத்திரணும். காய விட்டா வெள்ள வெள்ளயாப் பூத்திரும். சோப்ப விடுங்க. தலைக்குப் போடுத ஷாம்பு ஒரு பாக்கெட் போதும்.”

“நீங்க கார்க் கம்பெனியா?”

“டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டர். எங்கப்பா இருந்தவரைக்கும் ஜீப் டிரைவர். நான் ஜீப்பக் கழுவி வளந்தவ.”

சிரித்துவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள்.

“அண்ணாச்சி... ஒரு கதவ விட்டுட்டிய!”

அவன் வாளித் தண்ணீரைத் தெருவில் கொட்டினான்.

மறுநாள் தெருமுனைக் கடையில் ஷாம்பு கேட்டான். கடைக்கார நஜ்முதீன் அவனுடைய வழுக்கையை ஒரு முறை பார்த்தார்.

“யாருக்கு?”

“காருக்கு.”

“அப்ப சீப்பும் ஒண்ணு தரட்டுமா?”

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள்தான். கையில் புளிப் பொட்டலம்.

“இந்தத் தெருமுக்குக் கடைக்கா கார்ல வந்திய?” என்றாள்.

“பழகிப்போச்சு.”

“கோயிலுக்கு?”

“கார்லதான்.”

“நல்லவேள, கெணத்தடிக்குக் கார் போவாது...”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

பெயர் சுந்தரம்மாள். அம்மா பிச்சம்மாளோடு இருந்தாள். டியூட்டிக்குப் போகிற வழியில் நின்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். வெயில் ஏறுமுன் கழுவணும். மேலேயிருந்து கீழே வரணும். சக்கரம் துடைத்த துணியைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது... அவன் எல்லாவற்றையும் கேட்டான். நாரைத் தூக்கிப் போட்டான்.

ஒரு நாள் கவனித்தான். இப்போதெல்லாம் அவள் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. “இங்க பாருங்க” என்றுதான் தொடங்குகிறாள். அன்று கடையில் யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ் போட்டுக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்க வீட்டுக்குள் போயிருந்தான். திரும்பி வந்தபோது சுந்தரம்மாள் காரின் இடப்பக்கம் குனிந்திருந்தாள். கையில் ஈரத்துணி. பின்கதவில் காய்ந்து அப்பியிருந்த கரிசல் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கைய எடு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவனுக்கே அது தன் குரல் என்று தெரியவில்லை. துணி அவள் கையிலிருந்து விழுந்தது.

“நீங்க மறந்துட்டியன்னு நெனச்சு...” அந்தக் கண்கள் அவனை ஒருமுறை பார்த்தன. பார்த்து முடிக்காமலே நகர்ந்தன.

எதிர்வாசலில் பிச்சம்மாள் நின்றாள். “உள்ள வாட்டி! அவரு பொண்டாட்டி போன காரக் கும்பிட்டுக்கிட்டு இருக்காரு. உனக்கு அங்கன என்ன வேல? இவ ரெண்டாந்தாரமாப் போக நிக்குதாளாம்னு ஊரு பேசதுக்கா?”

அதன்பிறகு அவள் தெருவின் அந்த ஓரமாகவே போனாள். திரும்பவில்லை.

அவன் காரைக் கழுவவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து கதவைப் பார்த்தான். அவள் துடைத்த இடம் ஓர் உள்ளங்கை அகலம் இருந்தது. அங்கே பச்சை ஆழமாக இருந்தது. வாங்கிய அன்று இருந்த பச்சை. எழுந்து மற்றக் கதவுகளைப் பார்த்தான். சாம்பல் பூத்துக் கீறல் விழுந்து கிடந்தன. தினமும் தேய்த்தவை அவைதான்... கை வைக்காமல் விட்டது மட்டும் அப்படியே இருந்தது. தேய்த்தது எதை என்று யோசித்தான். கிடைத்த விடை அவனுக்குப் பிடிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, கடையில் போனை எடுத்தான்.

“நம்பர் ப்ளீஸ்.”

அவள் குரல்.

“நம்பர் சொல்லுங்க.”

“நம்பர் இல்ல. சங்கரபாண்டியன் பேசுதேன்.”

மறுமுனையில் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இது ஆபீஸ் லைன்.”

“தெரியும். வேற எங்க பேசினாலும் ஒங்கம்மா விட மாட்டாக.” போன் வயரை விரலில் சுற்றினான். “அந்தக் கதவு... ஐப்பசி மழை. அவளுக்கு உடம்புக்கு ரொம்ப முடியல. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். தேவர்குளம் பக்கம் சேத்துல வண்டி மாட்டிக்கிச்சு. அந்தக் கதவுலதான் சாஞ்சிருந்தா. நான் எறங்கித் தள்ளிட்டு வந்து பாக்கேன்... முடிஞ்சிருச்சு. பதினாறாம் நாள் வீட்டக் கழுவிவிட்டாக. காரையும் கழுவ வந்தாக. அந்தக் கதவுகிட்ட மட்டும் நான் யாரையும் விடல. அன்னையில இருந்து மழையில வண்டிய வெளிய எடுக்கதில்ல. அவ்வளவுதான். ஒங்க மேல கோவம் இல்ல.”

பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“லைன் பிஸி. வைங்க.”

மறுநாள் காலையில் பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். காப்பி குடிக்கவில்லை. வாசலில் வளையல் சத்தம்.

இடுப்பில் குடத்தோடு நின்றாள். இந்த முறை நிறைகுடம்.

“நல்ல தண்ணி,” என்றாள்.

“குடிக்கதுக்கு வச்சிருக்கத...”

“அம்மாதான் தூக்கிவிட்டா. ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். காலையில குடத்தத் தூக்கி இடுப்புல வச்சு, போன்னு சொன்னா.”

எதிர்வாசலில் பிச்சம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட கோலத்தையே மறுபடி போட்டாள். நிமிரவில்லை.

“கழுவணும்னு நான் சொல்ல வரல,” என்றாள் சுந்தரம்மாள். “இப்பிடியே இருக்கட்டும்னா இருக்கட்டும். நான் குடத்த வச்சிட்டுப் போயிருதேன்.”

அவன் கதவைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பழைய வேட்டியைக் கொண்டுவந்தான்.

“எப்பிடிச் செய்யணும்?”

“தேய்க்கக் கூடாது. சேத்துல மண்ணு இருக்கும், கீறிரும். துணிய நனைச்சு மேல விரிங்க. ஊறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அதுக்கு வேணுங்கிற நேரம்...”

அவனே நனைத்தான். அவனே விரித்தான். அவள் குடத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். துணிக்கு அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு பல கோடுகள். மண்ணில் விழுந்து மறைந்தன. அவனுக்குக் கண் எரிந்தது. ஷாம்பு பட்டிருக்கும் என்று நினைத்தான். அன்று யாரும் ஷாம்பு கரைக்கவில்லை.

துணியை எடுத்தான். கதவு முழுவதும் அந்தப் பச்சை.

“அழகாருக்கு,” என்றாள் மெதுவாக. “நீங்க பத்திரமாத்தான் வச்சிருந்திருக்கிய.”

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

“எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. இத இன்னைக்குச் சொல்லலாமான்னு தெரியல. என்னைக்கு அண்ணாச்சின்னு கூப்பிடத விட்டியளோ, அன்னையில இருந்து.”

அவள் காது வரை சிவந்தாள். “அதையெல்லாமா கவனிச்சிய...”

“அவள நான் மறக்க மாட்டேன்.”

“மறந்தா நான் ஏன் இங்கன நிக்கப் போறேன்?”

எதிர்வாசலில் பிச்சம்மாளின் கோலப்பொடிக் கை அப்படியே நின்றிருந்தது.

“ஒங்கம்மாகிட்ட வந்து கேக்கட்டுமா?”

கேட்டுவிட்டு, பழக்கத்தில் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினான். அவள் அதைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஈரம் சொட்டும் கதவில் விரல் நுனியை மெல்ல வைத்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“வாங்க... ஆனா நடந்து வாங்க. இது இங்கனயே காயட்டும்.”