வெள்ளைப் பிடரிக் குட்டிக்கு என்ன பெயர்?

தம்தின் மாமா கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சொலொங்கோ வந்து இறங்கினாள். வயது பதினொன்று. விடிந்ததிலிருந்து குதிரைமேல் வந்ததில் முகமெல்லாம் புழுதி. புயலில் ஓடிப்போன அவளுடைய குதிரைக்குட்டி இந்த மாமாவின் மந்தையில் மேய்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அப்பாவின் குட்டி இல்லை, அவளுடையது. அவளுக்கு முதல் முடி எடுத்த அன்று சித்தப்பா ஒரு பெண் குதிரையைக் கொடுத்தார். அது போட்ட குட்டி. இரண்டு வயதாகிறது, இன்னும் சூட்டுக்குறி போடவில்லை. யாருடையது என்று அதன் உடம்பில் எழுதி ஒட்டியா இருக்கிறது?

"மாமா, என் குட்டியை ஓட்டிட்டுப் போக வந்தேன்."

"என்ன நிறம்?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

எங்கள் பக்கம் குதிரைக்குப் பெயர் வைப்பது கிடையாது. நிறம்தான் பெயர். கொஞ்சம் வெளுத்தால் ஒரு சொல், மூக்கு மட்டும் கறுத்தால் இன்னொரு சொல் என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சொலொங்கோ வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. குளிர்காலம் முழுக்கப் பள்ளி விடுதியில் கிடந்தவள் அவள். அங்கே யார் குதிரையைப் பற்றிப் பேசினார்கள்? நாக்கு நுனியில் நின்ற சொல் அங்கேயே நின்றது.

"உடம்பு சிவப்பு. பிடரியும் வாலும் பாலாடை மாதிரி வெளுப்பா இருக்கும். இடது பின்னங்கால்ல, குளம்புக்கு மேலயும் வெள்ளை."

"அது அர்த்தம். நான் கேட்டது அதுக்கான சொல்லை."

மாமாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன வருடம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் வந்து, "சிவப்பா ஒண்ணு" என்று சொல்லி ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றார். மாமா தன் குதிரையில் ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தார். அன்றிலிருந்து நிறத்தின் பெயரைச் சரியாகச் சொல்லாதவருக்குக் குதிரை இல்லை என்று வைத்துவிட்டார். யாரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று மனைவி சிம்கேயிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சொந்தக் குட்டியோட நிறம் தெரியலையாம். போய் அப்பாவைக் கூட்டிட்டு வா, டவுன் பொண்ணே," என்றார் மாமா.

அப்பா வடக்குப் பக்கம் தேடப் போயிருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் போனும் எடுக்காது. சாயங்காலத்துக்குள் மாமாவின் மந்தை கணவாயைத் தாண்டிக் கோடை மேய்ச்சலுக்குப் போய்விடும். அப்புறம் குட்டியை எங்கே போய்ப் பிடிப்பது? சொலொங்கோவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் போகவில்லை. குதிரைகள் கட்டியிருந்த கயிற்றருகே போய் நின்றாள்.

அங்கே மாமாவின் சவாரிக்குதிரை நின்றது. சிவப்பு உடம்பு, வெள்ளைப் பிடரி, வெள்ளை வால். அப்படியே அவள் குட்டி வளர்ந்த மாதிரி. பந்தயத்தில் ஓடி ஜெயித்த குதிரை அது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமா நிறுத்த மாட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள். குதிரையின் நிறத்தை யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து திருத்துவார்கள்.

சொலொங்கோ அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

"மாமா, உங்க ஸேர்த் ரொம்ப அழகா இருக்கு," என்றாள் சத்தமாக.

ஸேர்த் என்றால் முழுச் சிவப்பு, பிடரிகூடச் சிவப்பு. அது அவளுக்கும் தெரியும்.

மாமா கையிலிருந்த கூடாரக் கயிற்றைக் கீழே போட்டார். "ஸேர்த்தா? உனக்கு என்ன கண்ணு தெரியலையா? பிடரியைப் பாரு, வாலைப் பாரு! இதைப் போய் ஸேர்த்ங்கிறியே. இது சாவ்தர்!"

அதுதான். கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என் குட்டியும் சாவ்தர்தான், மாமா."

சிம்கே அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் சுருட்டி வைத்த கம்பளிமேல் உட்கார்ந்துவிட்டார். மாமாவின் முகம் சிவந்தது.

"என் வாயிலேருந்து பிடுங்கின சொல்லு செல்லாது."

"செல்லும்," என்றாள் சொலொங்கோ. "போன வருஷம் வந்தவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். நான் பார்த்து வளர்த்ததைச் சொன்னேன். அந்தக் காலைப் போய்ப் பாருங்க. வெள்ளை இல்லேன்னா நான் வெறுங்கையோட போயிடறேன். இருந்துச்சுன்னா, ஒரு சொல்லை மறந்ததுக்காக என் குட்டியை நீங்க வச்சுக்க முடியாது."

மாமா அவளை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் சுருக்குக் கயிறு கட்டிய நீளக் கழியை எடுத்துக்கொண்டு மந்தைப் பக்கம் போனார்.

குட்டியோடு திரும்பி வந்தார். இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலே, வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. அத்தை இரண்டு கை நிறைய உலர்ந்த தயிர்க்கட்டியை அள்ளிச் சொலொங்கோவின் பையில் போட்டார். மாமா கயிற்றை அவள் கையில் கொடுத்தார். ஆனால் உடனே விட்டுவிடவில்லை.

"இனிமே மறக்கக் கூடாது. எங்கே, ஒரு தடவை சொல்லு பார்க்கலாம். இது என்ன குதிரை?"

சொலொங்கோ கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தன் குதிரைமேல் ஏறினாள்.

"என் குதிரை," என்றாள்.