சம்பந்தி வீட்டுக் கார்

திருச்செல்வம் நாற்காலியை இழுத்துப் போட்டும் தம்புசாமி உட்காரவில்லை. கிள்ளானில் சொந்தக் கார்ப் பட்டறை வைத்திருப்பவர், பிரிக்பீல்ட்ஸில் இன்னொருவர் பட்டறைக்கு உதவி கேட்டு வந்ததே பெரிது.

“என் மகளுக்கு மாமனாரா வரப்போறவர் சின்னையா. அவர் கார் நடுரோட்டுல அடிக்கடி நின்னு போவுது. என் பையன் விமலன் புதுசுன்னு சொல்லிப் பழைய ரிலேயை மாட்டி ஏமாத்திட்டானாம். இன்னிக்கு உண்மை தெரியலன்னா கல்யாணம் இல்லையாம். எங்க குடும்பத்தை எவனும் அப்படிச் சொன்னதில்ல, திருச்செல்வம்.”

கார்க் கோளாறுகளைத் துப்பறிவதில் பேர்போன திருச்செல்வம் வாசலுக்கு நடந்தார். அங்கே காரோடு சின்னையாவும் அவர் மனைவி பவுனம்மாளும் காத்திருந்தார்கள். விமலன் தலைகுனிந்து தள்ளி நின்றான்.

“நல்லா பாருங்க லா, பாஸ்!” என்றார் சின்னையா. “என் காருல ஒரு தூசி கிடையாது. முன்னால மாலைகூடத் தொங்க விடமாட்டேன். இவன் கை வச்சான், கெட்டுப் போச்சு!”



உதவியாளர் ஷாமினி பானட்டைத் திறந்து, எஞ்சின் கணினிக்கு மின்சாரம் விடும் ரிலேயைப் பிடுங்கிச் சோதித்தாள். “புது ரிலேதான் அண்ணே, ஒழுங்கா ‘க்ளிக்’னு அடிக்குது. ஆனா ரிலே இருந்த பெட்டி மேல எறும்பு ஊருது, சிவப்புக் கறை வேற. மழைத்தண்ணி இறங்கியிருக்கும்!”

“மழைன்னா எல்லாத் துளையிலயும் களிம்பு பிடிக்கணுமே?” என்றார் திருச்செல்வம்.

ரிலே உட்காரும் இடத்தில் ஒரே ஒரு துளையில் மட்டும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“மின்சாரம் இங்கதான் தடைபடுது,” என்றார் திருச்செல்வம். “ரிலேயைக் கழட்டி மாட்டினா களிம்பு உரசிப் போயி வண்டி ஓடும். மறுபடி களிம்பு ஏறினா நிக்கும். விமலன் மேல தப்பில்ல. மேலேர்ந்து புளிப்பா ஏதோ சொட்டியிருக்கு.”

அவர் விரல், பெட்டிக்கு நேர் மேலே வயர்க் கட்டில் முடிந்திருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டது. இடுக்கிலிருந்து சுருங்கிக் கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார். அதன் வெட்டில் குங்குமம் காய்ந்திருந்தது.

“திருஷ்டிக்கு எலுமிச்சை முன்னாலதான் கட்டுவாங்க. வெளியே கட்டினா வீட்டுல சத்தம் வரும்னு பயந்தவங்கதான் உள்ள கட்டுவாங்க.”

எல்லோர் பார்வையும் திரும்பியது. பவுனம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “நம்ம புள்ளயும் ஓட்டுற வண்டியாச்சேன்னுதான்...”

“அறிவிருக்கா உனக்கு?” என்று சின்னையா சீறினார்.

“அம்மாவை ஏசாதீங்க,” என்றார் தம்புசாமி. குரல் உயரவில்லை, முதுகும் வளையவில்லை. “அவங்க கட்டினது பிள்ளைப் பாசத்துல. நீங்க பேசினதுக்கு என்ன காரணம்? என் மகன் அதோ நிக்கிறான். அவன்கிட்டப் பேசிட்டு வாங்க. அப்புறம் நாள் குறிப்போம். இல்லன்னா என் பொண்ணு என் வீட்டுலயே இருக்கட்டும்.”

பிறகு சின்னையா மெதுவாக நடந்துபோய் விமலன் முன் நின்றார்.

“தப்பாப் பேசிட்டேன், தம்பி,” என்று கார்ச் சாவியை நீட்டினார். “நீயே சரி பண்ணு.”

விமலன் சாவியை வாங்கிய பிறகுதான் தம்புசாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.