மனைவி புலம்பல்

அச்சகத்திலிருந்து வந்த ஓட்டோக்காரர் கல்வெட்டுப் புத்தகப் பெட்டியை வாசற்படியில் இறக்கிவிட்டுப் போனார். நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தப் பழைய வீட்டில் நிவேதனா இப்போது தனியாள். பிள்ளைகள் இல்லை. கணவன் பிரவீணன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். விடிந்தால் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை.

யாழ்ப்பாணத்தில் செத்தவருக்கான கல்வெட்டைக் கல்லில் வெட்டுவதில்லை. அந்தியேட்டி விருந்துக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பும் சின்னப் புத்தகம் அது. இறந்தவரின் வரலாறும் தேவாரமும் இருக்கும், கடைசியில் மனைவி புலம்பல். அந்தப் புலம்பலை மனைவி எழுதுவது வழக்கமில்லை. இந்த ஊரில் முத்துக்குமாரு மாஸ்டர்தான் எழுதிக் கொடுப்பார். ஒரு பின்னேரம் வந்திருந்து தேத்தண்ணி குடித்து, செத்தவன் குறட்டை விட்டானா, யார் யாரோடு கோபம், எந்தக் கறி இருந்தால் இரண்டாம் தரம் சோறு கேட்பான் என்றெல்லாம் துருவிக் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுப்பார். அவரும் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

அதனால் நிவேதனா போனிலிருந்த ஏஐயைக் கேட்டாள். அவளுக்கு அது புதிதல்ல. என்ன சமைப்பது, யாருக்கு என்ன பதில் எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் யோசிக்க முன்னமே கை போனுக்குப் போகத் தொடங்கிக் கனகாலம். அது எதையும் துருவவில்லை. பெயர், ஊர், தொழில் மூன்றையும் வாங்கிக்கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் புலம்பித் தள்ளிவிட்டது.

இருள் கவியும் மைம்மல் பொழுதில் மெல்லப் பாடியபடி வருவாராம். கை நிறைய மல்லிகை கொண்டு வருவாராம். கோபமே அறியாதவராம்.

பிரவீணனா? இழவு வீட்டிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும். அவன் தோட்டத்திலிருந்து அவளுக்குக் கொண்டுவந்ததெல்லாம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத வாழைக்கறை பிடித்த சேட்டு. ஆனாலும் புலம்பல் அழகாக இருந்தது, வாசிக்கக் கண் கலங்கியது. யார் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள் என்று அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தியேட்டி விருந்து முடிந்து ஆட்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிரவீணனின் அக்கா கீர்த்திகா வாசித்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். தம்பி சின்ன வயதிலிருந்தே பாட்டோடுதான் வீட்டுக்கு வருவான் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நிவேதனா நினைத்தாள்.

பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கம் வந்தார். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறைக்காக இரண்டு பேரும் சண்டை பிடிக்காத வருடமே கிடையாது.

"ஒரு சொல்லுக் கூடச் சத்தமாய்க் கதைக்காத பொடியன்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அண்ணை, உங்கடை நெத்தியிலை அவர் மண்வெட்டிப் பிடியாலை அடிச்ச தழும்பு இருக்கு" என்றாள் நிவேதனா.

பரமலிங்கம் தழும்பைத் தடவிப் பார்த்தார். "இது நான் சின்னனிலை விழுந்தது, பிள்ளை."

பொய் சொல்லும் முகமல்ல அது.

எல்லோரும் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. வெளிச்சம் மங்கும் நேரம் மல்லிகை மணத்தது.

பேய்க்கதை என்றால் மல்லிகை மணக்கத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த ஏஐயும் அப்படித்தான் நினைத்தது. உலகத்துப் பெண்சாதிகள் எல்லோருக்கும் அது ஒரே புருஷனைத்தான் வைத்திருக்கிறது. நிவேதனாவின் வளவில் ஒரு மல்லிகைச் செடியும் இல்லை.

வாழைச்சருகு நொறுங்கியது.

யாரோ பாடிக்கொண்டு வந்தார்கள்.

அவள் ஓடியோடி யன்னல்களைச் சாத்தினாள். பாட்டு வீட்டைச் சுற்றி வந்து ஓய்ந்தது. அன்று அவளுக்கு ஒன்று விளங்கியது. ஊர் முழுக்க மறந்தாலும் மெய்யான பிரவீணனை அவளாவது மறக்கக்கூடாது. அவள் மறந்தால் அவன் இரண்டாம் தரம் சாவான், பிறகு அவனுக்கென்று யாரும் இல்லை.

அவள் ஒரே ஒரு நினைவைப் பிடித்துக்கொண்டாள். டெங்குக் காய்ச்சலில் அவள் எழும்ப முடியாமல் கிடந்தபோது, கொட்டும் மழையில் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் அவன். வழி முழுக்க ஏச்சு. "சொன்னாக் கேக்கிறேல்லை. செத்துக்கித்துப் போனீரெண்டால் பாரும்." அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த காதல் கடிதம் அதுதான். மைம்மல் தோறும் அதை வாய்விட்டுச் சொல்லுவாள். வெளியே பாட்டுக் கேட்கும்.

ஒரு நாள் அந்த ஏச்சு நினைவுக்கு வரவில்லை.

மழை வந்தது, சைக்கிள் வந்தது. அவன் வாய் அசைந்தது, சொல் இல்லை. பதறிப்போய்க் கீர்த்திகாவுக்குப் போன் எடுத்தாள். தம்பி யாரையும் ஏசினதே இல்லையே என்றாள் அவள். நிவேதனா அழுதாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டிருக்கவே, அவள் விரல் ஏஐயைத் தட்டிக் கேட்டது.

மழையில் நனைந்தபடி, இனிய பாடலொன்றால் உங்களைத் தேற்றிக்கொண்டே அவர் சைக்கிளை மிதித்தார் என்று அது எழுதியது.

வாசித்து முடித்ததும் அவளுக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. பாட்டு, மழை, சைக்கிள் கைப்பிடியில் சுற்றிய மல்லிகைச் சரம். எல்லாம் துல்லியமாக. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு அவள் யன்னலைச் சாத்தவில்லை.

மணம் உள்ளே வந்தது. பாட்டும் உள்ளே வந்து அறைக்குள் போய் நின்றது. கட்டில் மெல்லக் கிறீச்சிட்டது. நிவேதனா குசினிக்குப் போய் இரண்டு பேருக்குச் சோறு போடத் தொடங்கினாள்.

பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"இஞ்சாரும். கதவைத் திறவும். எவ்வளவு நேரமாய்க் கூப்பிடுறன், காது செவிடே?"

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். இடுப்பில் கட்டிய சாரத்தில் செம்மண் அப்பிய ஒரு மனிதன் நின்றான். நெஞ்சிலும் கையிலும் சுடலைச் சாம்பல். பிரவீணன்தான். எந்தத் தெய்வம் இரங்கி விட்டதோ, வீடு தேடி வந்து சேர்ந்துவிட்டான். அவன் கண் அவளுடைய தோளுக்கு மேலால் அறைப்பக்கம் போய் நிலைத்தது.

"நிவே" என்றான். "உள்ளை இருக்கிறது நானில்லை."

அவள் அந்த முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். பாவமாக இருந்தது. அந்த முரட்டுப் பேச்சைக் கேட்கப் பயமாகவும் இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

"நீங்கள் ஆர்?"

அவன் ஏச வாயெடுத்தான். முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதான்.

நிவேதனா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அறைக்குள்ளிருந்து ஓர் இனிய குரல் கேட்டது. "யார் வந்திருக்கிறார்கள், அன்பே?"

"ஆரோ தெரியாத ஆள்" என்றாள் அவள், சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனபடி.