காவல் நிற்பவள்

காலை ஐந்தரை மணிக்கு லாயத்து விளக்கைப் போட்டதும் பெரியவளின் கண்ணில் முதலில் பட்டது மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த மரச்சீவல். கன்னத்தில் மட்டுமல்ல, விலாவில், தொடையில், வால்மயிரில் எல்லாம் பொடிப்பொடியாகச் சீவல். ராத்திரி சீவல் பரப்பிய தரையில் காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிய குதிரை விடியற்காலையில் இப்படித்தான் இருக்கும். பதினெட்டு நாளாக அவள் வேண்டாத தெய்வமில்லை, வேண்டியதும் இதைத்தான். கிடைத்துவிட்டது என்று கண்டதும் ஏனோ அவள் உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றாள்.

மாப்பிள்ளை என்பது குதிரை. போட்டிச் சீட்டில் அவனுக்கு நீளமாக வேறு பெயர் உண்டு; லாயத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேற்றைய தண்ணீரை இன்று குடிக்க மாட்டான். வாளியை ஒரு முழம் தள்ளி மாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். புல்லில் ஒரு பிடி பழசு கலந்திருந்தாலும் மோந்து பார்த்துவிட்டுப் பட்டினி கிடப்பான். "பொண்ணு குடுத்த வீட்டுலகூட மாப்பிள்ளைக்கு இவ்வளவு உபசாரம் நடக்காது" என்று லாடம் அடிக்கிறவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார், அதுவே பேராக நிலைத்துவிட்டது. அந்த உபசாரத்தையெல்லாம் செய்கிறவள் பெரியவள். அவன் மேல் ஏறித் தடை தாண்டுகிறவள் அவளுடைய தங்கை, சின்னவள்.

குதிரை நின்றபடியே கண்ணசரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அசந்து தூங்க அது படுத்தாக வேண்டும். படுத்த குதிரையால் நினைத்த மாத்திரத்தில் எழுந்து ஓட முடியாது; ஆகவே நம்பிக்கையான இன்னொரு குதிரை பக்கத்தில் விழித்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் படுக்கும். மாப்பிள்ளைக்கு அப்படிக் காவல் நின்றவள் அடுத்த அறையில் இருந்த வயதான குதிரை. எல்லோருக்கும் அவள் பெரியம்மா. சாதுதான். ஆனால் மாப்பிள்ளை படுத்திருக்கும்போது யாராவது அவன் கதவை நெருங்கினால் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி ஒரு மூச்சு விடுவாள். வந்தவர் தானாகவே இரண்டு அடி தள்ளி நிற்பார். அவள் வயிற்று வலி கண்டு செத்துப் பதினெட்டு நாள். பிறகு வேறு குதிரையை அங்கே கட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தடுப்புப் பலகையை உதைத்தே பெயர்த்துவிட்டான். அதிலிருந்து அறை காலியாகக் கிடந்தது.

பதினெட்டு நாளும் அவன் படுக்கவில்லை. நின்றபடியே தலை தொங்கும், கண் சொருகும், முன்னங்கால் மடிந்து முட்டி தரையில் இடிக்கும், திடுக்கிட்டு எழுவான். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்துபோயிற்று. போன வாரம் பயிற்சியில், தடைக்கு மூன்றடி முன்னால், ஓடுகிற ஓட்டத்திலேயே தூங்கி விழுந்தான். சின்னவள் அவன் தலைக்கு மேலே பறந்து போய்க் கட்டையில் மோதினாள். தலைக்கவசம் பிளந்தது, தலை தப்பியது. வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி. தடைகள் நெஞ்சு உயரம்.

"தூங்காத குதிரை மேல ஏறாதடி. இந்தத் தடவ விட்டுரு" என்று பெரியவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"நாலு வருஷமா இந்தப் போட்டிக்குத்தான்க்கா" என்றாள் சின்னவள்.

ஆக, குதிரை தூங்கினால் தங்கை பிழைப்பாள். அந்த வாரம் முழுக்கப் பெரியவளின் மண்டைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. இப்போது தூங்கியிருக்கிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் யாரை நம்பிப் படுத்தான்?

பெரியம்மா செத்த அன்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். "உடம்ப எடுக்கிறதுக்கு முன்னாடி அவனுக்கு ஒருதடவ காட்டிடும்மா. மோந்து பார்த்தா புரிஞ்சுக்குவான். காட்டலேன்னா தேடிக்கிட்டே இருப்பான்." லாய வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். போட்டி நெருங்குகிற நேரத்தில் பிணத்தைக் காட்டி அவன் மிரண்டு தொலைத்தால் என்ன செய்வது என்று பெரியவள் பயந்தாள். அவனை மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் வண்டி வந்து போய்விட்டது. அது போதாதென்று, பெரியம்மாவின் துவைக்காத போர்வையை எடுத்து நடுத்தடுப்பின் மேல் போட்டாள். காலி அறையில் புதுச் சீவல் பரப்பினாள். வாளியில் தினமும் தண்ணீர் மாற்றினாள். பெரியம்மா எங்கேயோ போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். அவனும் அப்படியே நம்பினான். காலையும் மாலையும் காலி அறையைப் பார்த்துக் கனைத்துக் கனைத்துக் கூப்பிட்டான். நேற்று மாலை அவன் கூப்பிடவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த அறைக் கதவைத் திறந்தாள். நெஞ்சு உயரத்தில் மாட்டியிருந்த வாளியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. நேற்று அவள் சமமாகப் பரப்பிவிட்டுப் போன சீவலில், தடுப்பை ஒட்டி நான்கு பள்ளங்கள். முன்னே இரண்டும் அருகருகே, ஆழமாக. பின்னே ஒன்று ஆழம். இன்னொன்று குளம்பின் நுனி மட்டும் பட்ட சின்னக் குழி. வெகுநேரம் நிற்கிற குதிரை ஒரு பின்னங்காலை இப்படித்தான் நுனியில் ஊன்றி ஓய்வு கொடுக்கும். கதவிலிருந்து அந்த இடம் வரைக்கும் வேறு தடமே இல்லை.

அவள் வாருகோலை எடுத்துப் பள்ளங்களை மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பயிற்சியில் மாப்பிள்ளை ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை. சின்னவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தாள். "பழைய மாப்பிள்ளை வந்துட்டான்க்கா! என்னக்கா மாயம் பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலடி. நல்லாத் தூங்கியிருக்கான்" என்றாள் பெரியவள். பாதியாவது உண்மை.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீனி வாளியோடு போனபோது அவன் படுத்திருந்தான். மற்ற அறைகளில் மென்று அரைக்கிற சத்தமும், வாளி கம்பியில் உரசுகிற சத்தமும், பொறுமையில்லாமல் ஒன்று கதவை உதைக்கிற சத்தமுமாக லாயம் சந்தைக்கடையாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தைச் சீவலில் போட்டு, உதடு தொங்கக் கிடந்தான். மூன்று மணிக்கே படுத்துவிட்டான் என்று முந்தின அறைக் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். மணி ஆறு. அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மூணு மணி நேரமாவா?" டாக்டரின் குரல் மாறியது. "அரை மணி, முக்கால் மணி படுத்தாலே அதுக்குப் போதும்மா. இவ்வளவு பெரிய உடம்பு ஒரே பக்கமாக் கெடந்தா சொந்தப் பாரமே நுரையீரல அமுக்கிடும். முதல்ல அவன எழுப்பு."

அவள் கதவைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தாள். நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சீவல் நெரிந்தது. ஒரு பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற, சோம்பலான, பழகிய சத்தம். தொடர்ந்து நீண்ட ஒரு மூச்சு. ஈரக் கம்பளியும், மூட்டு வலித் தைலமும், பழைய புல்லும் கலந்த வாடை மெதுவாக வந்து அவள் தொண்டைக்குள் இறங்கியது. அவளுக்குத் தெரிந்த வாடைதான், எட்டு வருஷம் தினமும் அதில்தான் புழங்கினாள். தடுப்பின் மேல் கிடந்த போர்வை நடுவில் மட்டும் அமுங்கியிருந்தது, அதன் மேல் எதுவோ தாடையை வைத்திருப்பது போல.

போர்வையை இழுத்து எறிந்திருக்கலாம். அப்போதே கொண்டுபோய்க் கொளுத்தியிருக்கலாம். கையைக்கூட நீட்டினாள். கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது. பிளந்த தலைக்கவசம் கண்ணுக்குள் வந்தது. இவன் மறுபடி தூங்காமல் நின்றால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்பதும் வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும்" என்று காலி அறையைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "அதுவரைக்கும் பார்த்துக்கோ. அப்புறம் போயிரு."

அமுங்கியிருந்த போர்வை நிமிர்ந்தது. மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, முன்னங்காலை ஊன்றி, வேண்டா வெறுப்பாக எழுந்தான்.

ராத்திரி தங்கும் அறையில் சின்னவள் புரண்டு புரண்டு படுத்தாள். கீழே விழுந்ததிலிருந்து அவளுக்கும் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டை முகத்துக்கு நேரே வருகிறதாம்.

"அக்கா, அவன் எவ்வளவு நல்லாத் தூங்குறான் பார்த்தியா? பொறாமையா இருக்கு" என்றாள் இருட்டில். "சாயங்காலம் அவன் கதவுகிட்ட நின்னேன். நின்னபடியே கண்ணு சொருகுது. அங்க போய்ப் படுத்தா எனக்கும் தூக்கம் வந்துரும் போல."

"கிறுக்கு மாதிரிப் பேசாத. படு."

"யாரோ பார்த்துக்கிறாங்கன்னு இருக்குக்கா அங்க."

பெரியவள் தூங்குகிற மாதிரி நடித்தாள். சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, அங்கே போகாதே என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். சொன்னால் தங்கை பயப்படுவாள், பயந்தால் குதிரைக்குத் தெரியும், குதிரைக்குத் தெரிந்தால் தடையில் தயங்கும். அப்படித்தான் அவளுக்கு நியாயம் தோன்றியது.

சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை லாயத்துக்கு ஓய்வு நேரம். யாரும் குதிரைகளைத் தொடக்கூடாது; ஆட்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். பெரியவள் போட்டி அலுவலகத்துக்குப் போய்ச் சின்னவளின் எண் அட்டையை வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டி கிடைக்காமல் தெப்பலாக நனைந்து அவள் வந்து சேர்ந்தபோது மூன்றே கால். வானம் இருண்டு பகல் என்றே தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

லாய வாசலில் சின்னவளின் பூட்ஸ் இரண்டும் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. காலுறைகள் அவற்றுக்குள் சுருட்டிச் செருகியிருந்தன.

"ஏய்" என்று கூப்பிட்டாள்.

உள்ளே மழைச் சத்தம் கூரையோடு நின்றுபோயிருந்தது. மெல்லுகிற சத்தம் இல்லை. வால் ஈயோட்டுகிற சத்தம் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. கனமான, தொண்டை அடைத்த மூச்சு. பல தொண்டைகளிலிருந்து, ஒரே நேரத்தில் உள்ளே, ஒரே நேரத்தில் வெளியே.

முதல் அறையில் குதிரை படுத்திருந்தது. கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கால்களை நீட்டிப் போட்டு, தலையைத் தரையில் வைத்து, வாயோரம் நுரை தள்ள.

இரண்டாவதும் படுத்திருந்தது.

மூன்றாவதும்.

அவள் நடையை எட்டிப் போட்டாள். நான்கு. ஐந்து. ஆறு. எந்த லாயத்திலும் எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் படுக்காது. ஏதாவது ஒன்று நிற்கும். நின்றாக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கே படுத்திருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது. "எழுந்திரு! ஏ, எழுந்திரு!" என்று கதவு கதவாகத் தட்டினாள். ஒன்றும் காதைக்கூட அசைக்கவில்லை. கால்கள்தான் அசைந்தன. தூக்கத்தில் ஓடுகிற குதிரைக்கு அப்படி அசையும், அவள் பார்த்திருக்கிறாள். ஆறும் ஒரே தாளத்தில் ஓடின. எல்லாமே சேர்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தன.

ஏழாவது அறை. மாப்பிள்ளை. அவன் கழுத்தில் தலை வைத்து, ஒரு கையை அவன் பிடரியில் போட்டு, சின்னவள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வாரமாகக் காணாத நிம்மதி. அவளுடைய வெறுங்கால்கள் சீவலை உதைத்து உதைத்து, அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"என் கண்ணு, எழுந்திருடி" என்று பெரியவள் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அடுத்த அறையில் பாரம் மாறியது. குளம்பு ஒன்று எழுந்து, நடைபாதை சிமெண்டில் பட்டது. கதவு திறந்த சத்தம் இல்லை. இன்னொரு குளம்பு.

"நான்தான்" என்றாள். "என்னத் தெரியலையா? நான்தான்."

ஒரு மூச்சு. மிக அருகில். கம்பளி வாடை. தைல வாடை.

அவளுக்கும் கதவுக்கும் நடுவில் எதுவோ வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெதுவெதுப்பான, அகலமான ஒரு தோள் அவள் நெஞ்சில் பதிந்தது. அடிக்கவில்லை. உதைக்கவில்லை. தூங்குகிற பிள்ளைகளிடமிருந்து அந்நியரை ஒதுக்குகிற மாதிரி, மெதுவாக, பின்னால் தள்ளியது.

அவள் தாழ்ப்பாளை விட்டாள். கத்தினாள். கத்தல் பாதியில் கொட்டாவியாயிற்று.

தூக்கம் வந்தது. எவ்வளவு நல்ல தூக்கம். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. முட்டி மடிந்து சிமெண்டில் இடித்தது, வலிக்கவே இல்லை. இனி ஒன்றும் பார்க்க வேண்டாம். ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வந்தது, கண் திறந்தது. மறுபடி சொருகியது.

நடைபாதையின் அந்தக் கோடியில், முதல் அறையில், கால்கள் நின்றன. மூச்சுகளில் ஒன்று குறைந்தது.

பிறகு இரண்டாவது.

மூன்றாவது.

அவள் தவழ்ந்தாள். தோள் அங்கேயும் குறுக்கே இருந்தது.

நான்காவது. ஐந்தாவது. ஆறாவது.

மாப்பிள்ளையின் விலா ஒருமுறை எழுந்து, தாழ்ந்து, அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு லாயம் முழுக்க ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. கதவின் கம்பி இடுக்கில் பெரியவளுக்குத் தெரிந்தவை தங்கையின் வெறும் பாதங்கள் இரண்டும்தான். அவை சீவலை வாரி இறைத்துக்கொண்டு, முன்னைவிட வேகமாக ஓடின.